துணிப்பையில் ஓர் ஆய்வுக்கூடம்

மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போட்ட செம்புக் கம்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், ஊக்கு, டார்ச் செல், சைக்கிள் வால்வு டியூப், தீக்குச்சி, ஸ்ட்ரா, மஞ்சள் தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு, மெழுகுவத்தி. லால்குடி பக்கம் அரசுப் பள்ளிகளுக்கு ஸ்கூட்டரில் போய் வரும் அறிவியல் கருத்தாளர் ஒருவரின் துணிப்பையில் இருந்தவை இவ்வளவுதான். பெட்டிக்கடையிலும் பழைய சாமான் கடையிலும் கிடைக்காதது எதுவும் அதில் இல்லை.

தமிழ்நாட்டில் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தொடங்கியபோது 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள். வகுத்துப் பார்த்தால் ஒருவர் தலையில் 18 பள்ளி. நான் உடன் சென்றவர் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தவர், இந்த வேலைக்காகத்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

வகுப்பில் முக்கால் மணி நேரம் நடப்பதற்கு வீட்டில் முந்தின நாள் சாயங்காலமே வேலை தொடங்கிவிடுகிறது. வால்வு டியூபை ஒரே அளவில் நறுக்க வேண்டும். ஸ்ட்ராவின் நுனியைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, இரு பக்கமும் சாய்வாக வெட்டிப் பார்க்க வேண்டும். மஞ்சளைக் கரைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவைப்பது மாமியாரின் பொறுப்பு. பேரன் அதற்குள் ரெண்டு தாளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தான்.

“கடையில செட்டா விக்கிறாங்க சார். வாங்கினா இந்த வேலையெல்லாம் மிச்சம். ஆனா ஒரு செட்டுக்கு நாற்பது பிள்ளைங்க. முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன் மட்டும்தான் தொடுவான். இது ஒடைஞ்சா யாரும் திட்டமாட்டாங்க. அதனால எல்லாரும் தொடுவாங்க” என்றார்.

மலிவு என்றால் பணமில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். எத்தனையோ பள்ளிகளில் விலை உயர்ந்த கருவிகள் பூட்டிய அலமாரிக்குள் தூசி படிந்து கிடக்கின்றன. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயம்தான் பூட்டுக்குக் காரணம். தீக்குச்சிக்கும் ஸ்ட்ராவுக்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. குழந்தை அதை வளைக்கலாம், ஒடிக்கலாம், தப்பாகச் செய்து மறுபடி செய்யலாம். மலிவான பொருளின் முதல் பெருமை, அது குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதே.

இந்தக் கைத்தொழிலுக்கு நீண்ட மரபு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் இடிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக, கிடைத்த பொருளை வைத்து அறிவியல் நடத்துவது எப்படி என்று யுனெஸ்கோ 1948இல் ஒரு சிறு நூல் வெளியிட்டது. அதை விரித்து 1956இல் வந்த தொகுப்பு பல நாட்டு ஆசிரியர்களுக்குக் கையேடாயிற்று. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், பாடத்தையே சோதனைகளாக மாற்றியது. 2002இல் அரசு அதை நிறுத்தும்வரை 30 ஆண்டு நடந்தது. பூனாவில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். கிராமச் சந்தையில் கிடைத்த வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து உருவங்கள் கட்டத் தொடங்கினார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கே 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் அது நடத்திவரும் ‘துளிர்’ சிறுவர் இதழும் இதே வேலையைத் தமிழில் ஊர் ஊராகக் கொண்டுபோயின. கருத்தாளரின் மேசையில் பழைய ‘துளிர்’ இதழ்கள் ஓரம் மடங்கிக் கிடந்தன.

மறுநாள் ஏழாம் வகுப்பு. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் தீக்குச்சி. மூன்று குச்சிகளை மூன்று வால்வு டியூப் துண்டுகளால் கோத்தால் முக்கோணம். நான்கைக் கோத்தால் சதுரம். “ரெண்டையும் அமுக்கிப் பாருங்க” என்றார். சதுரம் சாய்ந்து சப்பையாயிற்று. முக்கோணம் அசையவில்லை. ஒரு பையன் சதுரத்துக்குள் குறுக்கே ஒரு குச்சி வைக்கப் பார்த்தான். நீளம் போதவில்லை. நீளமான விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து வைத்ததும் சதுரமும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வயல் நடுவில் நின்ற உயர் அழுத்த மின்கோபுரத்தைக் காட்டி, “மிஸ், அதுலயும் முக்கோணமா இருக்கு” என்றான். அவர் அதைச் சொல்லித்தரவில்லை. அவனே கண்டான்.

அடுத்து ஸ்ட்ரா பீப்பீ. பூவரசு இலையைச் சுருட்டி ஊதிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. நாதஸ்வரத்தின் சீவாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது; இரண்டு மெல்லிய தகடுகள் மூச்சுக்காற்றில் அதிர, அந்த அதிர்வு குழலுக்குள் இருக்கும் காற்றை ஒலிக்க வைக்கிறது. ஒருத்தி ஊத, இன்னொருத்தி கத்தரிக்கோலால் ஸ்ட்ராவின் அடியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வந்தாள். குழல் குறையக் குறையச் சத்தம் கீச்சென்று ஏறியது. மஞ்சள் தாளில் சுண்ணாம்புத் தண்ணீரால் பெயர் எழுதச் சொன்னபோது எழுத்து சிவப்பாக வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “இது ஆரத்தி மிஸ்!” என்றாள். எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளானது. காரம், அமிலம் என்ற சொற்கள் அதற்குப் பிறகுதான் கரும்பலகைக்கு வந்தன.

மோட்டாருக்கு வந்தபோதுதான் அவருடைய கைத்திறனை அருகில் பார்த்தேன். எனாமல் பூசிய கம்பியை டார்ச் செல்லின் மேலேயே பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றினார். வளையத்தின் இரண்டு முனைகளும் எதிரெதிராக நேர்கோட்டில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். செல்லின் இரு முனைகளிலும் ஊக்கு ஒவ்வொன்றை வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கினார். காந்தம் செல்லின் மேல். கம்பியின் முனைகள் ஊக்கின் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும்.

சூட்சுமம் முனையைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். மறுமுனையில் பாதிப் பக்கம் மட்டும். இதைச் சொல்லாமல், இரண்டு முனைகளையும் முழுதாகச் சுரண்டிய வளையத்தை முதலில் கொடுத்தார். அது ஆடியது, திரும்பியது, நின்றுவிட்டது. “ஏன் நிக்குது?” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்தார். செல் தீர்ந்துவிட்டது என்றார்கள், மாற்றினார்கள். காந்தம் போதாது என்றார்கள், இன்னொன்று வைத்தார்கள். பிறகு ஒரு முனையில் பாதி எனாமலை விட்டுவைத்த வளையத்தை எடுத்துக் கொடுத்தார். விரலால் லேசாகத் தட்டியதும் அது சுழலத் தொடங்கியது. வகுப்பே எழுந்து நின்றது.

மின்சாரம் விடாமல் ஓடினால், முதல் பாதிச் சுற்றில் வளையத்தை முன்னே தள்ளும் விசை அடுத்த பாதியில் பின்னே இழுக்கும். விட்டுவைத்த எனாமல் அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வளையம் வந்த வேகத்திலேயே மீதிச் சுற்றைக் கடந்துவிடுகிறது. 1821இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் மின்சாரத்தால் ஒரு கம்பியை இடைவிடாமல் சுழல வைத்ததிலிருந்து தொடங்கிய கதை இது. வீட்டு மின்விசிறிக்குள் இருப்பதும் காந்தமும் மின்சாரமும் சேர்ந்து தரும் சுழற்சிதான்.

மலிவுச் சோதனைகளில் ஓர் ஆபத்தும் உண்டு. விளக்கமும் மலிவாகப் போய்விடலாம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடும் சோதனை எல்லோருக்கும் தெரியும். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. காற்றிலுள்ள ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அவர் அதை அப்படி விடவில்லை. அதே அளவு டம்ளரில் ஒரு மெழுகுவத்தி, பிறகு இரண்டு, பிறகு மூன்று வைத்துப் பார்க்கச் சொன்னார். மெழுகுவத்தி கூடக் கூடத் தண்ணீர் மேலும் உயர்ந்தது. “ஆக்சிஜன் அதே அளவுதானே இருக்கு? அப்புறம் ஏன் கூடுது?” சுடர் எரியும்போது தண்ணீர் அதிகம் ஏறவில்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது என்பதை ஒரு பையன் கவனித்துச் சொன்னான். சூட்டில் விரிந்த காற்று ஆறிச் சுருங்குவதே தண்ணீர் ஏறுவதற்குப் பெரும்பங்கு காரணம். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. பழக்கப்பட்ட பதிலைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சலை அந்த வகுப்பு மூன்று மெழுகுவத்திச் செலவில் பெற்றது.

வகுப்பு முடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். உச்சி வெயில். பெட்ரோல், பழுது, வழியில் வாங்கும் செல் எல்லாம் கைக்காசில் முதலில் போகும். வேடிக்கை காட்டிவிட்டுப் போகிறவர் என்று இவர்களை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் சுரண்டிய கம்பியின் நுனியைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். எது எந்த இடத்தில் நின்றுபோனால் பிள்ளைக்குக் கேள்வி பிறக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது ஆசிரியக் கலையின் உச்சம். அதற்குரிய மதிப்பும் ஊதியமும் இந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் ஊக்கு, ரப்பர் பேண்ட், காந்தம், ஸ்ட்ரா, நூல், செல் எல்லாம் போட்டுவையுங்கள். வீட்டு மின்சாரப் பிளக்கின் பக்கம் போகக் கூடாது, பிளேடும் நெருப்பும் எடுக்கும்போது பெரியவர் கூடவே இருக்க வேண்டும், மோட்டார்க் கம்பி சுட்டால் உடனே கழற்றிவிட வேண்டும் என்ற விதிகளைச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். சோதனையைப் பிள்ளையே செய்யட்டும். நின்றுபோனால் நீங்கள் கையை நீட்டிச் சரிசெய்யாதீர்கள். “ஏன் நிக்குது?” என்று மட்டும் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.