எந்த வேலியில் பறித்த தூதுவளை?

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில்தான். ரயிலில் வந்து இறங்குகிற பலருக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியாது. காய்கறி விற்க வருகிற நமக்கு உழவர் சந்தையால் நன்றாகவே தெரியும். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய ஒரு கார்த்திகை விடியலில், கத்திரிக்காய் மூட்டையோடு அங்கே போயிருந்தேன்.

பக்கத்துக் கடையில் ஒரு ஆயா. எதிரே தூதுவளை, ஆடாதொடை, துளசி, கற்பூரவல்லி, முசுமுசுக்கை எல்லாம் கட்டுக்கட்டாக. சளிக்காலம் என்பதால் கீரையைவிட இவைதான் வேகமாகப் போயின.

“வீட்டுல மூணு பேருக்கு இருமல். ஆனா தூதுவளை எங்க காட்டு வேலியிலயே கெடக்குது ஆயா, காசு கொடுத்து வாங்கணுமா?” என்று சும்மா கேட்டேன்.

“கத்திரிக்கு மருந்து அடிக்கறயா கண்ணு?”

“அடிக்காம எப்படி ஆயா?”

“அப்ப வேலிக்கும் சேர்த்துத்தான் அடிக்கற.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வண்டியில் திரும்பும்போது மேற்கே கஞ்சமலையைப் பார்த்தபடி அதே நினைப்பு. சித்தர் கோயிலும் மூலிகையுமாகப் பேர்பெற்ற மலை அடிவாரத்தில் இருந்துகொண்டு, பூச்சிமருந்து படிந்த இலையையா பிள்ளைகளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம்?

யோசித்துப் பாருங்கள். தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கும். காய்க்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம். வேலி இலைக்கு யார் பார்க்கிறார்கள்? காற்று வீசும் பக்கம் சாரல் முழுக்க வேலியில்தான் விழுகிறது. செடிக்குள் ஊடுருவும் மருந்தென்றால் கழுவினாலும் போகாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. ஆடு தொடாது என்பதற்காகவே ஆடாதொடையையும் நொச்சியையும் வேலியாக வைத்தார்கள் நம் பெரியவர்கள். அன்று தெளிப்பான் இல்லை.

அந்த வாரமே கிணற்றடியில், மருந்து எட்டாத இடத்தில் ஐந்து செடி வைத்தோம். கற்பூரவல்லியை ஒடித்து நட்டாலே பிழைக்கும். ஆடாதொடையும் நொச்சியும் குச்சியிலேயே வேர் விடும். துளசிக்கும் தூதுவளைக்கும் விதை போதும். இடமில்லாதவர்கள் பழைய சிமென்ட் சாக்கில் வைக்கலாம்.

எங்கள் வீட்டுப் பக்குவம் இதுதான். முள் நீக்கிய தூதுவளை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி, கற்பூரவல்லி நான்கு இலை, தட்டிய மிளகு பத்து, விரல்நுனி அளவு சுக்கு. நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி இரண்டாகச் சுண்டியதும் வடிகட்டி, பனைவெல்லம் சேர்த்து இளஞ்சூட்டில் குடிப்போம். மிளகு ஏற்காட்டு மிளகு. காபித் தோட்டத்து மரங்களில் ஏறிய கொடியில் காய்த்தது, காரம் தூக்கலாக இருக்கும். நெஞ்சுச்சளி கட்டினால் பெரியவர்களுக்கு மட்டும் ஓர் ஆடாதொடை இலை கூடுதல். கடையில் விற்கும் இருமல் மருந்துகள் சிலவற்றில் உள்ள புரோம்ஹெக்சின், இந்த இலையில் இருக்கும் வாசிசினை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை கூடவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். நொச்சி ஆவி பிடிப்பதும் பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் இரண்டு வயது மகனுக்குச் சளி. “கஷாயத்திலேயே சரியாகிடும்” என்று மூன்று நாள் தள்ளியது நான்தான். நான்காம் நாள் டாக்டர் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். நிமோனியா. பிழைத்தான். அன்று கற்றுக்கொண்ட கணக்கை வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்: பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும் மூச்சு ஓடினால், அல்லது மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. இரண்டு மாதம்கூட ஆகாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டு உட்காரவே வேண்டாம். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

போன வாரம் சந்தையில் ஆயாவைப் பார்த்தபோது, கிணற்றடியில் செடி வைத்ததைச் சொன்னேன். “கோழி கிளறாம பாத்துக்க” என்றார். அதற்குள் கற்பூரவல்லியை இரண்டு முறை கிளறிப் போட்டுவிட்டது. மூன்றாம் முறை நட்டு, இப்போது முள் வைத்து அடைத்திருக்கிறோம்.