வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?

எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் சிலருக்காவது இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்தவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமந்து வருகிறேன். என் தோளில் இருக்கும் பாரம் என் பிள்ளைகளின் தோளில் ஏறக்கூடாது என்பதே என் ஒரே ஆசை.

மூத்த மகள் பத்தாம் வகுப்பில் பெரும்பாலான பாடங்களுக்கு ஏ பிளஸ் பெற்றாள். வீட்டில் மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் பிளஸ் ஒன் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, "அப்பா, நான் வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் உள்ள பிரிவை எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்கள் சபையில் நர்சிங் படித்து வெளிநாடு சென்ற பிள்ளைகள் உண்டு. அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழும்பியிருக்கிறது. "வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கடிந்து பேசிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் என் மனைவி, "மறுப்பதாக இருந்தாலும், விசாரித்தபின் மறுங்கள்" என்றாள். அந்த வார்த்தை என்னைத் தொட்டது. அந்த ஞாயிறு மாலை மகளோடு நடந்தேன். ஏன் இந்தப் பாடம் என்று கேட்டேன். அவள் சொல்லாமல் காட்டினாள்.

முதலில் டச்சு அரண்மனை. "அப்பா, பெயர்தான் டச்சு. சுமார் 1555-இல் இதைக் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். டச்சுக்காரர் 1663-இல் பழுதுபார்த்தார்கள். கட்டியவன் பெயர் போய்ப் பழுதுபார்த்தவன் பெயர் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்பதுதான் இந்தப் பாடம்" என்றாள். அருகிலேயே 1568-இல் எழுந்த யூத ஜெப ஆலயம். மூட்டையோடு எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பிறகு எங்கள் தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றாள். பள்ளிக் கட்டுரைக்காக முன்பே அவரிடம் பேசியிருக்கிறாள். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். அந்நாட்களில் வேலைக்காரரைத் தெரிந்தெடுக்க "சாப்பா" என்ற முறை இருந்ததாம். கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதை எதிர்த்துத் தொழிலாளர் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

நான் வாயடைத்து நின்றேன். என் சட்டைப் பையில் சுமைத் தொழிலாளி என்ற அடையாள அட்டை இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்தது அது. அந்தச் சட்டத்துக்கு முன் எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! அந்த அட்டையை நான் சம்பாதித்ததாகவே எண்ணியிருந்தேன். என் தொழிலின் கதையை என் மகளிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் கண்ணீரோடு முடிவெடுக்கக்கூடாது என்று, மறுநாள் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் சென்றோம். அவர் ஒளிக்காமல் பேசினார். "இந்தப் பிரிவை எடுத்தால் பி.எஸ்சி. நர்சிங், மருத்துவம், பொறியியல் ஆகிய வாசல்கள் அடைபடும். அதை நீங்கள் அறிந்தே தீர்மானிக்க வேண்டும். பிளஸ் டூ முடிந்தவுடன் சம்பளமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, பி.ஏ.வுக்குப் பின் பி.எட். முடித்து ஆசிரியப் பணி, அரசுத் தேர்வுகள், தொல்லியல், சுற்றுலாத் துறை ஆகியவை உண்டு. சி.ஏ. முதல்நிலைத் தேர்வைக்கூட எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம்" என்றார். பிளஸ் ஒன்னில் உலக வரலாறு, பிளஸ் டூவில் இந்திய வரலாறு. ஆண்டுகளை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. நிறைய வாசித்து, நீண்ட விடைகள் எழுத வேண்டும் என்றும் எச்சரித்தார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். ஏகஜாலக முறையில் முதல் விருப்பமாக எழுதியது கிடைத்துவிட்டால் அதிலேயே சேர்ந்தாக வேண்டும். ஆகவே, எழுதி வைத்துப் பிறகு பார்ப்போம் என்று சமாளிக்க வழியில்லை.

அன்றிரவு ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதினோம். ஒரு பக்கம் என் பயங்கள்: கடன், வயது, தேயும் முதுகு. மறுபக்கம் அவளுடைய காரணங்கள். என் பயங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவளைப் பற்றியதாக இல்லை; எல்லாம் என்னைப் பற்றியவை. அவளுக்கு உயிரியலில் நாட்டமில்லை. விருப்பமில்லாத படிப்புக்கு வாங்கும் கடனும் கடன்தானே!

நாங்கள் ஜெபித்தோம். பின்பு அவளே தன் கையால் முதல் விருப்பத்தை எழுதினாள். நானும் ஒரு நிபந்தனை வைத்தேன்: தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் வாசிக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். இப்போது இரவில் சத்தமாக வாசிக்கிறாள். களைப்போடு படுத்திருக்கும் நான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்கிறேன்.

அவளுக்கு எந்த வேலை அமையும் என்று எனக்குத் தெரியாது. நர்சிங்கை விரும்பும் பிள்ளை நர்சிங்கே படிக்கட்டும். அது உயர்ந்த ஊழியம். ஆனால் நம் பயத்தைப் பிள்ளையின் பாடமாக்க வேண்டாம். யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டியது எதற்காக? பின்னாளில் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதற்காகத்தானே! பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மிடமும் அவர்கள் கேட்பார்கள். கேட்கும் பிள்ளையைக் கடிந்து அடக்காமல், பெற்றோரே, அவளோடு ஒரு மாலை நடந்து பாருங்கள்.