‘கனெக்டட்’ எண்டு காட்டுது, ஆனா நெட் இல்லை

இரவு 10.40. சமூகவியல் அசைன்மென்ட்டை 11.59க்கு முதல் எல்எம்எஸ்ஸில் ஏற்ற வேண்டும். போர்டிங்கில் என்ரை அறைக்கு வைஃபை எட்டாது. ரவுட்டரில் இருந்து நீளக் கேபிள் ஒன்றை இழுத்து லப்டொப்பில் செருகுவதுதான் வழமை. அன்றைக்கும் செருகினேன். உபுண்டு ‘கனெக்டட்’ என்று காட்டியது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. மேலே இருந்த ஐகனில் மட்டும் சின்னதாய் ஒரு கேள்விக்குறி.

கேள்வி கேட்க வேண்டியது நானா, அதுவா?

செட்டிங்ஸைத் திறந்தேன். நெட்வேர்க், வயர்ட், பல்லுச்சக்கரப் படம். உள்ளே ஐபிவி4, ஐபிவி6, செக்கியூரிட்டி என்று வரிசையாய்ப் பக்கங்கள். எப்போதோ கேள்விப்பட்ட 8.8.8.8ஐ டிஎன்எஸ் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். ஒரு இலக்கம் பிழைத்தால் பெட்டி சிவக்கும், அப்ளை பட்டன் மங்கும். ஏன் என்று ஒரு சொல் வராது. எல்லாவற்றையும் சரியாய்ப் போட்டு அமத்தினால் விண்டோ சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். மாறினதா, இல்லையா? அதற்கும் பதில் இல்லை.

போனில் டேட்டாவும் முடிந்திருந்தது. 11.20க்கு, விஞ்ஞான பீடத்தில் படிக்கிற ஊர் அண்ணா ஒருவருக்குக் கோல் எடுத்தேன்.

“தங்கச்சி, அந்த விண்டோவை மூடு. டெர்மினலைத் திற. பிங் எண்டு அடிச்சு, பக்கத்தில ரவுட்டருக்குக் கீழ ஒட்டியிருக்கிற நம்பரைப் போடு.”

ரவுட்டரைப் புரட்டிப் பார்த்தேன். 192.168.1.1. அடித்தேன். கறுப்புத் திரையில் ஒரு வசனம் வந்தது. 10.20.5.34 இல் இருந்து போக வேண்டிய இடத்தை அடைய முடியவில்லையாம்.

“பத்தா? ரவுட்டர் 192இல இருக்கேக்க நீ பத்தில நிண்டு என்ன செய்யிறாய்?”

அப்போதுதான் விளங்கியது. காலையில் பீடத்து வாசிப்பறையில், அங்கிருந்தவர் சொன்ன இலக்கங்களை ‘மனுவல்’ என்று தெரிவுசெய்து கையால் போட்டிருந்தேன். 10 இல் தொடங்குவதும் 192.168 இல் தொடங்குவதும் உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள். ஒரு இடத்து இலக்கம் இன்னொரு இடத்தில் செல்லாது. உபுண்டுவுக்கோ கேபிள் எங்கே செருகினாலும் அதே ‘வயர்ட்’தான். காலையில் கொடுத்த விலாசத்தையே இரவும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கேபிளில் மின் சமிக்ஞை இருந்ததால் ‘கனெக்டட்’. அது பொய் இல்லை. எனக்கு வேண்டிய உண்மையும் இல்லை.

திருத்தியது அதே விண்டோவில்தான். ‘மனுவல்’ஐ ‘ஒட்டோமெட்டிக்’ ஆக்கி, அப்ளை கொடுத்து, கனெக்‌ஷனை ஒருக்கா ஒஃப் பண்ணி ஓன் பண்ணினேன். ஒரு நிமிஷ வேலை. 11.51க்கு அசைன்மென்ட் ஏறியது.

பட்டன்கள் வேண்டாம், எல்லாரும் கொமாண்ட் அடியுங்கோ என்று சொல்ல வரவில்லை. இந்த லினக்ஸ் விண்டோக்களுக்குப் பின்னால் வேலை செய்கிற நெட்வேர்க் மனேஜரை 2004இல் ரெட் ஹட் நிறுவனம் தொடங்கியதே, எங்களைப் போன்ற ஆட்கள் கொமாண்ட் தெரியாமல் நெட்டுக்குப் போக வேண்டும் என்றுதான். பெரும்பாலான நாட்களில் அது நடக்கிறது. பிழைக்கிற நாளில்தான் அது வாயை மூடிக்கொள்கிறது. ‘உங்கள் முகவரி கையால் போடப்பட்டது, இந்த ரவுட்டரோடு பொருந்தவில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

அந்த ஒரு வரி இல்லாததால் நாற்பது நிமிஷம் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ‘ஆர்ட்ஸ் பிள்ளையளுக்குக் கம்பியூட்டர் ஓடாது’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததால், மெஷின் பேசாமல் இருந்தாலும் பிழை என்னுடையது என்றே நினைத்துவிட்டேன்.

போன கிழமை பக்கத்து அறைத் தோழி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே கேள்விக்குறி. “நான் என்னத்தையோ பிழையா அமத்திப்போட்டன் போல” என்றாள்.

“இரு, முதல்ல நீ எங்க நிக்கிறாய் எண்டு கேட்டுப் பாப்பம்” என்று டெர்மினலைத் திறந்தேன்.