செவியில் எஞ்சிய இசை

அண்மைக் காலமாக யாம் நாள்தோறும் இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் கேட்டு வருவன உஸ்தாத் அப்துல் கரீம் கான் அவர்களின் பழைய இசைத்தட்டுப் பதிவுகள். இசை கேட்டல் குறித்து நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவோம். அவ்வழக்கினுள் இங்கே புக எண்ணவில்லை.

இன்றைய உத்தரப்பிரதேசத்துக் கைரானாவில் 1872-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பரோடா அரசவையில் பாடியவர். பின்னர் மராட்டிய மண்ணின் மிரஜ் நகரில் தங்கியவர். கிரானா மரபு என்று வழங்கும் பாடுமுறை அவர் பிறந்த ஊரின் பெயரால் அமைந்தது. மைசூர் அரசவைக்கு வந்தவர், பாடிப் பரிசில் பெற்றதோடு மீளவில்லை. நம் கருநாடக இசையைச் செவி தாழ்த்திக் கேட்டார். ஸ்வரம் பாடும் முறையைத் தம் பாட்டிலும் ஏற்றார். தியாகராசரின் கரகரப்பிரியாக் கீர்த்தனை ஒன்றைத் தட்டிலேயே பதிந்திருக்கிறார். அதில் தெலுங்குச் சொற்கள் சற்றே மழுங்கி ஒலிக்கின்றன. இலக்கணம் வல்லார் முகம் சுளிக்கலாம். விருந்துக்கு வந்தவர், வீட்டாரின் மொழியைத் திருத்தமின்றியாயினும் விரும்பிப் பேசியது போன்ற மகிழ்ச்சி எமக்கு.

வேறு எத்தனையோ பதிவுகள் இருக்க இவற்றையே நாடுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம் செவிப்புலன் குறைந்து வருகிறது. முதுமையில் முதலில் மறைவன மிக உயர்ந்த ஒலிகள் என்றும், மெய்யொலிகள் பலவற்றின் கூர்மை அவற்றில்தான் உள்ளது என்றும் மருத்துவர் விளக்கினார். ஆதலின் பேசுவது கேட்கிறது. பேசிய சொல் விளங்குவதில்லை. பேத்தி பால் கேட்டால் அவள் காலைப் பார்க்கிறோம். வீட்டில் அனைவரும் சிரிக்கின்றனர், யாமும் சிரிக்கிறோம். ஆயினும் உயிரையும் மெய்யையும் பிரித்தும் புணர்த்தும் காட்டியே வாழ்நாளைக் கழித்த ஒரு தமிழாசிரியருக்கு, மெய்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுச் செல்வது எளிதன்று.

இந்நிலையில்தான் கான் சாகிபின் குரல் வந்து சேர்ந்தது. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மிக உயர்ந்த ஒலிகளைப் பதிய அக்கருவிகளுக்கு ஆற்றல் இல்லை. புதிய பதிவுகளில் யாம் இழப்பது மிகுதி. இவற்றிலோ இழப்பதற்கு அதிகம் இல்லை. ஊசி உரசும் இரைச்சலும் எமக்குக் குறைந்தே கேட்கிறது. இஃது இளையோர்க்கு வாய்க்காத நலம்!

யமுனைக் கரையைப் பாடும் பைரவித் தும்ரியைக் கேளுங்கள். வடவரின் பைரவி நம் பைரவி அன்று. நம் சிந்துபைரவிக்கு நெருங்கியது. மெல்லிய, உயர்ந்த குரல். வன்மை காட்டுவதே இல்லை. ஸ்வரத்தின்மேல் மோதாமல், வழுக்கிச் சென்று அதனை அணைகிறது. ஓர் ஆகாரத்தில் நின்றுவிட்டால் சொல்லுக்குத் திரும்ப விரைவதில்லை. இந்துஸ்தானி அறியாத எமக்கு அச்சொற்கள் முன்பும் விளங்கியிருக்கப் போவதில்லை. அந்த உயிரொலி மட்டும் ஒரு துளியும் குறையாமல் வந்தடைகிறது.

ஜிஞ்ஜோட்டித் தும்ரி ஒன்றும் உண்டு. நம் செஞ்சுருட்டிக்கு உறவான இராகம். அதைத் தட்டில் கேட்டே கதக் நகரத்துச் சிறுவர் பீம்சேன் ஜோஷி 1933-இல் ஆசிரியரைத் தேடி வீட்டைவிட்டு ஓடினார் என்பர். பின்னர் அவர் சென்று சேர்ந்த சவாய் கந்தர்வர், கான் சாகிபின் மாணவரே.

1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் புகைவண்டியில் செல்கையில் கான் சாகிபுக்கு நெஞ்சுவலி கண்டது. செங்கற்பட்டுக்குச் சற்று முன் உள்ள சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் விரிப்பு விரித்துத் தொழுதார், தர்பாரி இராகத்தில் இறைவனை நினைந்து பாடினார், உயிர் பிரிந்தது. அவர் வரலாறு எழுதியோர் கூறுவது இது. உடல் மிரஜ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள தர்காவின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. நம் மண்ணில் பாடிய அந்தத் தர்பாரி எத்தட்டிலும் இல்லை.

இம்மலரைப் படிக்கும் பெரியோர் இல்லங்களில், பரண்மேல் பழைய இசைத்தட்டுகள் எவையேனும் கிடக்கக் கூடும். காயலான் கடைக்கு அனுப்புமுன் கல்லூரி நூலகத்திற்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். கேட்பதற்கு யாம் வருவோம். இவ்வாண்டே என்றால் இன்னும் நன்று.