பனி பெய்தால் கராஜில் சவாரி!

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று, கனடாவின் டொரன்டோ நகரில் எல்லா வீடுகளிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மறைந்த சூரியன், ஞாயிறன்று ஐந்து மணிக்கே போய்விடுகிறது. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் அதுவும் சுருங்கி, 4.45 மணிக்கெல்லாம் இருட்டு. வேலை முடிந்து வீட்டு வாசலைத் தொடுகிறவர்கள் பகல் வெளிச்சத்தைப் பார்ப்பது சனி, ஞாயிறு மட்டும்தான்.

நகரின் கிழக்குப் பக்கம் இருக்கிறது ஸ்கார்பரோ. இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதி. இங்கே கோடையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொர்க்கம் உண்டு. ஹைலண்ட் கிரீக் என்ற ஓடையை ஒட்டி, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு வழியாக ஒரு பாதை கீழே இறங்குகிறது. இலையுதிர் காலத்தில் அந்த ஓடையில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறி வருவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். பாதை முடியும் இடம் போர்ட் யூனியன். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் ஒன்டாரியோ ஏரி. ஏரி என்று பெயர்தான், எதிர்க்கரை தெரியாது. அலையடிக்கும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அங்கே குறைவது உப்பு வாசனை ஒன்றுதான்.

உப்பு, பனிக்காலத்தில் வேறு வழியாக வந்துவிடுகிறது. சாலையில் உறையும் பனியை உருக்க மாநகராட்சி லாரிகள் உப்பைக் கொட்டிக்கொண்டே போகின்றன. உருகிய உப்புச் சேறு சைக்கிள் சங்கிலியில் ஏறினால், துடைக்காமல் விட்ட சில நாட்களில் துரு பூத்துவிடும். டயரில் ஆணி பதித்துக்கொண்டு ஜனவரியிலும் ஓட்டுகிற தீவிரக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வியக்கலாம், பின்பற்றுவது கடினம். கண்ணாடிபோல் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் இடுப்பெலும்பைப் பணயம் வைக்க யாருக்கு மனம் வரும்?

போர்ட் யூனியன் பாதையில் தினமும் சைக்கிள் ஓட்டும் ஒரு 58 வயதுக்காரருக்கு இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் அல்ல. அவருக்குச் சர்க்கரை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அவருக்கு அக்டோபரில் 6.8 ஆக இருக்கும், மார்ச்சில் 7.6 ஆகிவிடும். மூன்று வருடமாக இதே கதை. அடுத்த முறையும் ஏறினால் ஊசிதான் என்று சொல்லிவிட்டார் மருத்துவர். அவருடைய தாயாரும் ஊசி போட்டுக்கொண்டவர். கடைசியில் ஒரு காலை இழந்தவர். அதனால் இந்த முறை முதல் பனி விழுவதற்கு முன்பே, மகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். வாங்கப் போனது ‘டிரெய்னர்’. சொந்த சைக்கிளை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி, நகராமல் மிதிக்க உதவும் கருவி.

நம் ஊர்க்காரர்களுக்கு இது அப்படியொன்றும் புதுமை இல்லை. தெருவில் சாணை பிடிக்க வருகிறவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மிதிப்பாரே, அதேதான். அவருக்குக் கத்தி தீட்டப்படும். இங்கே கால் தீட்டப்படுகிறது.

கடையில் மூன்று வகை இருந்தது. முதலாவது மூன்று உருளைகள் கொண்ட சட்டம். அதன் மேல் சைக்கிளை வைத்து, எந்தப் பிடிமானமும் இல்லாமல் மிதிக்க வேண்டும். பழகியவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்குக் கரகாட்டம். அதை அவர் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

இரண்டாவது வகையில், பின் சக்கரத்தின் அச்சை ஒரு தாங்கி கவ்விப் பிடிக்கும். டயரை ஒரு சிறிய உருளை அழுத்தும். அந்தக் காலத்து டைனமோவை நினைத்துக்கொள்ளலாம். டயரோடு டைனமோவைச் சாய்த்ததும் மிதிப்பது கனக்குமே, அதே தத்துவம். கனத்தைக் கொடுப்பது சிலவற்றில் காந்தம், சிலவற்றில் எண்ணெய்க்குள் சுழலும் விசிறி. எண்ணெய் வகை சத்தம் குறைவு. வேகமாக மிதித்தால் தானாகவே கனம் கூடும். ஆனால் குளிரில் எண்ணெய் கெட்டிப்படும். சூடேறும் வரை கால் ஒரு மாதிரியும் ஏறியபின் வேறு மாதிரியும் உணரும்.

மூன்றாவது வகைதான் கண்ணைப் பறித்தது. பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு, சங்கிலியை நேராகக் கருவியின் பல்சக்கரத்தில் மாட்டுவது. இணையத்தோடு பேசும். எதிரே திரையில் ‘வடோபியா’ என்ற கற்பனைத் தீவு விரிந்தது. அதில் எரிமலை உண்டு. பிரான்சின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலைப் பாதையை 21 கொண்டை ஊசி வளைவுகளோடு நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். திரையில் மேடு வந்தால் மிதிப்பதும் தானாகக் கனக்கும். கருவியின் விலையும் கனம்தான். இரண்டாவது வகை சுமார் 200 டாலரில் கிடைக்க, இது 600-இல் தொடங்கி 1,500-ஐத் தாண்டியது. ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் 13 சதவீத வரி தனி.

அவர் மூன்றாவது வகையில் கையை வைத்துவிட்டார். உடம்புக்கென்று வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது என்பது அவர் கட்சி. மகள் தடுத்தாள்.

“அப்பா, விலையைப் பாக்காதேங்கோ. முதல்ல இதை வீட்டில எங்க வைக்கப் போறம் எண்டு சொல்லுங்கோ.”

“எங்கயெண்டாலும் வைக்கலாம் பிள்ளை. ஹோலில இடம் கிடக்குத்தானே?”

“கீழ பேஸ்மென்ட்டில இருக்கிற பெடியன் இரவு வேலை முடிச்சுக் காலமை வந்து படுக்கிறவன். நீங்கள் அவன்ர தலைக்கு மேல நிண்டு உழக்கப் போறீங்களோ?”

டொரன்டோவில் டிரெய்னர் வாங்குகிற பலர் கடைசியில்தான் இந்தக் கேள்விக்கு வருகிறார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளின் தளம் மரச்சட்டங்களின் மேல் போட்ட பலகை. மூன்றாவது வகைக் கருவிகளில் காதுக்குக் கேட்கும் சத்தம் குறைவுதான். ஆனால் காலின் ஒவ்வொரு உதையும் தாழ்ந்த அதிர்வாகப் பலகைக்குள் இறங்கிக் கீழ்க்கூரையில் ‘தும் தும்’ என்று கேட்கும். தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் குறையும், போய்விடாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கான்கிரீட்டும் அதிர்வைக் கடத்தக்கூடியதே. கீழ்வீட்டுக்காரரின் புகார் நிர்வாகத்துக்குப் போன பிறகு, 1,000 டாலர் கருவியின் மேல் சட்டை காயப்போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பேஸ்மென்ட் முழுவதும் சொந்த உபயோகத்தில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. காலடியில் மண்தான். ஆனால் பழைய வீடுகளில் அந்தக் கூரை தாழ்வு. டிரெய்னரில் ஏறிய சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தால், தலை சூடேற்றும் குழாயில் இடிக்கும்.

இன்னொரு வேடிக்கை, வெப்பம். வெளியே மைனஸ் 15; உள்ளே டிரெய்னரில் இருப்பவருக்கு மின்விசிறி வேண்டும்! காரணம் எளிது. சாலையில் ஓட்டும்போது எதிர்க்காற்று உடலை ஆற்றும். நகராத சைக்கிளுக்கு அந்தக் காற்று இல்லை. பெடலுக்கு 150 வாட் சக்தி கொடுக்கும் உடம்பு, அதோடு சுமார் 500 வாட் வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். ஒரு சிறிய ஹீட்டருக்குச் சமம். வியர்வை ஆறாகக் கொட்டி, அதிலுள்ள உப்பு கைப்பிடித் திருகாணிகளை அரிக்கும். சாலை உப்புக்குப் பயந்து உள்ளே வந்தால் சொந்த உப்பு! சைக்கிள் மேல் ஒரு துண்டை விரித்துப் போடுவதே தீர்வு.

இதையெல்லாம் யோசித்தபோது மிஞ்சியது கராஜ். தரையோடு ஒட்டிய கான்கிரீட் தளம், கீழே யாரும் இல்லை. வெளியே மைனஸ் 12 என்றாலும் வீட்டை ஒட்டிய கராஜுக்குள் சுழியத்தைச் சுற்றியே நிற்கும். அந்தக் குளிரே மின்விசிறியின் வேலையைச் செய்துவிடும். அங்கே சத்தம் ஒரு பொருட்டில்லை என்பதால் விலை உயர்ந்த கருவிக்கு அவசியமும் இல்லை. எண்ணெய் வேண்டாம், காந்தம் போதும். அவருடைய சைக்கிளின் டயர் வழவழப்பானது, அதுவும் தோதாயிற்று. மலைப்பாதை சைக்கிளின் முரட்டு டயர் என்றால் உருளையில் உறுமும். 200 டாலருக்கு முடிந்தது வியாபாரம்.

வீட்டில் ஒரு வழக்கு பாக்கியிருந்தது.

“கார் வெளியில நிண்டா, காலமை ஆர் ஸ்னோ தள்ளுறது?” என்று கேட்டார் மனைவி.

காரை வெளியேற்ற அவசியப்படவில்லை. கராஜின் மூலையை அடைத்திருந்த அரிசி மூட்டைகளையும், பழைய மெத்தையையும், ஊரிலிருந்து வந்த நாள் முதல் பிரிக்காத இரண்டு பெட்டிகளையும் நகர்த்தியதும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு இடம் கிடைத்தது. முன் சக்கரம் தாழாமல் இருக்க அடியில் ஒரு பலகைத் துண்டு. மகள் ஒரே ஒரு சட்டம் போட்டாள்: அப்பா ஓட்டும் நேரத்தில் யாரும் கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. அடைத்த இடத்தில் கார் புகை ஆளைக் கொல்லும்.

கராஜுக்கும் வழியில்லாதவர்கள் மில்டன் வரை போகலாம். டொரன்டோவுக்கு மேற்கே, 2015 பான் அமெரிக்கப் போட்டிகளுக்காகக் கட்டிய உள்ளரங்கம் அங்கே இருக்கிறது. 250 மீட்டர் மரத்தடம். வளைவுகளில் 42 டிகிரி சாய்ந்து சுவர்போல் நிற்கும். பிரேக் இல்லாத சைக்கிளில், பயிற்சி எடுத்த பிறகே ஏற விடுவார்கள். பார்ப்பதற்காகவாவது ஒருமுறை போய்வர வேண்டிய இடம். வாரத்துக்கு 150 நிமிடம் தேவைப்படுகிறவருக்குத் தூரம் அதிகம்.

அவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் 35 நிமிடம் மிதித்தார். எதிரே திரை இல்லை. ஃப்ரீசரும் பனி தள்ளும் மண்வெட்டியும்தான். கைப்பேசியில் பழைய பாட்டு. தைப்பொங்கலன்று வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே அடுப்பில் பானை பொங்க, கராஜ் கதவைத் திறந்து மனைவி கூப்பிட்டார்.

“இஞ்சருங்கோ, பொங்கிட்டுது. வாறீங்களோ?”

“ஏழு நிமிசம்!”

மார்ச்சில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. 6.9. ஊசிப் பேச்சை மருத்துவர் அக்டோபருக்குத் தள்ளி வைத்தார். அடுத்த வாரமே அவர் கராஜ் கதவைத் தூக்கி, சைக்கிளைக் கருவியிலிருந்து இறக்கினார். பின் டயரின் நடுப்பகுதி குளிர்காலம் முழுக்க உருளையில் தேய்ந்து தட்டையாகியிருந்தது. புது டயர் மாட்டிக்கொண்டு போர்ட் யூனியனுக்குப் புறப்பட்டார். ஓடைப் பள்ளத்தாக்கில், வெயில் படாத வளைவில், இன்னும் பனிக்கட்டி இருந்தது. அந்த இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.