மு – 1

எங்கள் வீட்டு வாசற்கதவு எங்கள் வீட்டுக்கென்று செய்யப்பட்டதன்று. 2012ஆம் ஆண்டு மதுரைப் புறநகரில் 1200 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, கணவனும் மனைவியுமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், பழம்பொருள் கடையொன்றில் நிலையும் கதவுமாக விலை பேசி வாங்கிவந்தோம். பர்மாத் தேக்கு. மேலே சூரியப்பலகையில், இருபுறமும் யானைகள் நீர் சொரிய, நடுவே திருமகள். வருகிறவர்கள் முதலில் கதவைப் பார்ப்பார்கள், பிறகுதான் எங்களை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சென்ற ஆண்டு மழையில் கதவு பிடித்துக்கொண்டது. தச்சர் வந்து கழற்றித் தரையில் சாய்த்தபோது, இதுவரை எங்கள் கண்ணில் படாத மேல்விளிம்பில் நீலச் சாயத்தால் எழுதியிருந்ததைக் கண்டோம்: ‘மு – 1’. "வீட்டைப் பிரிக்கிறப்ப போடுற அடையாளம் சார். முகப்பு, ஒண்ணாம் நம்பர்" என்றார் அவர். ஒன்று என்று இருந்தால் இரண்டும் மூன்றும் இருந்திருக்க வேண்டும். வளவுக்கு ஒரு வரிசை, இரண்டாங்கட்டுக்கு ஒரு வரிசை என்று எண்கள் நீண்டிருக்க வேண்டும். அன்று வரை நாங்கள் ஒரு கதவை வாங்கியதாகவே எண்ணியிருந்தோம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருள், எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் தேக்காகவும் சலவைக் கல்லாகவும் முட்டைவெண்கரு கலந்த சுண்ணப்பூச்சாகவும் உருமாறி நின்றது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். முகப்பில் நின்றால் வளவையும் கட்டுகளையும் ஊடுருவிக்கொண்டு கொல்லைவாசலின் வெளிச்சம் தெரியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு. நடுமுற்றம் எல்லோருக்கும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலைக்குப் பின் அந்நாட்டில் நிலமும் தொழிலும் நாட்டுடைமையானதும் அந்த வரவை அறுத்தன. வீடுகள் மட்டும் எஞ்சின. 2014இல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெறுவதால் ஓட்டுக்கூரையின் ஒழுக்கு நின்றுவிடுவதில்லை.

கதவு கழற்றப்பட்ட சில வாரங்களில், எங்கள் கல்லூரியின் வணிகவியல் துறை நண்பர் தம் பூர்வீக வீடு விற்பனைக்கு வந்திருப்பதாகச் சொல்லி எங்களை அழைத்துப்போனார். பூட்டைத் திறக்கவே கால்மணி நேரமாயிற்று. பட்டாலையில் வௌவால் நெடி. ஆத்தங்குடிக் கற்கள் மட்டும், நேற்றுத் துடைத்ததுபோல் மினுங்கின. இருபத்து மூன்று பங்காளிகள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் அமெரிக்காவிலுமாக இருக்கிறார்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடிய காலம் போய், இப்போது காவலாளியின் சம்பளத்தைப் பங்குபோடுவதற்காக மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

"முழு வீடா எடுக்க ஆள் வர்றதில்ல சார். ஹோட்டல்காரங்க ரெண்டு பேர் பார்த்துட்டுப் போனாங்க, ரோடு சரியில்லன்னுட்டாங்க. மரத்துக்கு மட்டும்னா நாளைக்கே பணம்" என்றார். தூண் ஒன்றுக்கு இவ்வளவு, உத்தரத்துக்குக் கன அடிக்கு இவ்வளவு, நிலைக்கு இவ்வளவு என்று ஒரு தாளைக் காட்டினார். கூட்டிப் பார்த்தால் முழு வீட்டுக்குக் கேட்ட விலையை விட அதிகம். ஒரு வீடு வீடாக இருப்பதற்கு மதிப்பு ஏதுமில்லை, சொல்லப்போனால் அது வீடாக இருப்பதே அதன் விலையைக் குறைக்கிறது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லிற்று. இதில் பேராசை என்று எதையும் நாங்கள் காணவில்லை. நண்பரின் தாயார் அந்த வளவில்தான் மணமுடித்தவர். மருத்துவச் செலவுக்குத் தம் பங்கு வந்தால் போதும் என்று சொல்கிறவரும் அவர்தான்.

இப்படியொரு கேள்வி வேறு நாட்டிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோஹ் கட்டிய, 1951இல் நிறைவுபெற்ற ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம், எஃகும் கண்ணாடியுமான ஒரே கூடம், 2003 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. வாங்குகிறவர் அதைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடக்கூடும் என்ற அச்சம் எழவே, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் நன்கொடை திரட்டி, ஏறத்தாழ 75 லட்சம் டாலருக்கு வாங்கி, இருந்த இடத்திலேயே நிறுத்தின. அங்கே காப்பாற்ற வேண்டியிருந்தது ஒரு வீடு. அதற்கு உலகறிந்த பெயர் இருந்தது. இங்கே ஆயிரக்கணக்கான வீடுகள். கட்டிய கொத்தர், தச்சர் பெயர்களையெல்லாம் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே நம்மிடையே ஏலம் வீட்டுக்கு நடப்பதில்லை, உறுப்புகளுக்கு நடக்கிறது. ஏலம் கேட்கிறவர்கள் அழகை வெறுக்கிறவர்களும் அல்லர். எங்களைப் போல அதை நேசிக்கிறவர்கள்.

வகுப்பில் ஆண்டுதோறும் நெடுநல்வாடை நடத்துகிறோம். வேந்தன் அரண்மனை வாயிலை நக்கீரர் விவரிக்கும் இடத்தில், நாள்மீனின் பெயர் கொண்ட மரம் என்பது உத்தரக் கட்டையைக் குறிக்கும் என்று விளக்குவோம். நெடிய நிலைக்கு நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பி வைத்ததைச் சொல்வோம். மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாக எங்கள் வீட்டுக் கதவின் படத்தைக் காட்டுவதும் வழக்கமாயிருந்தது. ஆனால் அந்தப் பாட்டில் வாயில் தனியே நிற்பதில்லை. அதைக் கடந்தால் முற்றம் வரும், உள்ளே ஒருத்தி பிரிவில் வாடிக் கட்டிலில் கிடப்பாள். வாயில் ஓர் இடத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. எங்கள் கதவோ திறந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியில் முட்டி நிற்கிறது.

புறப்படும்போது நண்பர் வளவிலிருந்த ஊஞ்சல் பலகையைத் தடவியபடி, "நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்குங்க சார். எவனோ கொண்டுபோறதுக்கு, தெரிஞ்ச எடத்துல இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்று சொன்னோம். "நீங்க வாங்கலன்னா வீடு தப்பிச்சிடுமா?" என்று சிரித்தார். கேலியில்லை அந்தச் சிரிப்பில். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. பங்காளிகளில் மூவர் இன்னும் கையெழுத்திடவில்லை என்பதால் மட்டுமே அந்த வீடு இன்றைக்கு நிற்கிறது.

ஊர் திரும்பும் வழியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இறங்கி, எங்கள் கதவு எந்த ஊருடையது என்று அந்தக் கடையில் விசாரித்தோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய சரக்கு எவருக்கு நினைவிருக்கும்? கடைக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கதவை மீண்டும் பொருத்த வந்த தச்சர், விளிம்பை இழைத்துவிட்டால் இனிப் பிடிக்காது என்றார். இழைப்பதானால் கீழ்விளிம்பில் இழையுங்கள், மேலே கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அந்த வீட்டைப் பற்றி இப்போது மிஞ்சியிருப்பது அந்த ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமே.