கண்ணு பழகணும் தம்பி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் தோல் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 58 வயதில் சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். எப்படியும் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். அதற்காக நான் போட்டு வைத்திருந்த திட்டம் ஒன்றே ஒன்று: தெரிந்ததை யாருக்கும் சொல்லித் தராமல் இருப்பது.

தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கணும். ட்யூப் லைட்டில் நிறம் ஏமாற்றும். மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்தால், நல்ல தோலில் மெல்லிசாகச் சுருக்கம் விழும். லூஸ் கிரெய்ன் என்றால் தடிமனாகப் புடைத்துக்கொள்ளும். உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பிக் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எல்லாம் ஃபினிஷிங்குக்கு அடியில் பதுங்கியிருக்கும். முதுகுப் பகுதியை ஷூவின் முன்பாகத்துக்கு எடுக்கணும். வயிற்றுப் பகுதி இழுபடும். அதை ஷூவின் நாக்கு மாதிரி மறைவான பாகங்களுக்குத் தள்ளிவிடணும். சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு, கை தவறினால் முதலாளிக்கு நஷ்டம்.

கட்டிங்கில் ஒரு பையன் ஓயாமல் கேட்பான்: “அண்ணே, இதை ஏன் ஒதுக்கினீங்க?” “கண்ணு பழகணும் தம்பி” என்று அனுப்பிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் பழகும் வழியை நான் காட்டவில்லை. இவன் கற்றுக்கொண்டால் என் இடம் போய்விடும் என்ற பயம்தான்.

பணத்திலும் இதே லட்சணம்தான். கம்பெனி மாறும்போதெல்லாம் 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தையும் வழித்து எடுத்தேன். ஒரு தடவை மகளின் சடங்குக்கு, இன்னொரு தடவை சீட்டுக் கடனுக்கு. பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கியிருந்தால் 1995இல் பென்ஷன் திட்டம் வந்த காலத்துச் சேவையும் சேர்ந்திருக்கும். இப்போது கணக்கில் நிற்பது கடைசிக் கம்பெனியின் 11 வருடம் மட்டும். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 15,000த்தை 11ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 2,357 ரூபாய். கேஸும் கரண்டும் கட்டலாம்.

நான் வெளியே வந்த பிறகு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் வந்தது. எந்தப் பாகத்தை எங்கே வெட்டலாம் என்று அதுவே அடுக்கிக்கொள்கிறது. ஆனால் தோலில் குறை எங்கே என்று குறித்துக் கொடுக்க இன்னும் ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை, அந்தப் பையனை உட்கார வைத்தார்கள். நான் ரிஜெக்ட் பெட்டியில் போட்டதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து மடித்து மடித்துப் பார்த்தே கற்றுக்கொண்டானாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் பரவாயில்லை, மரியாதையும் இருந்தது; நான் ஆசைப்பட்ட அதே வேலை. மேஜையில் ஒரு தோலை விரித்தேன். “இது லூஸ்” என்றேன். எப்படித் தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். இங்கே எழுதியது எதுவும் அப்போது எனக்கு வாயில் வரவில்லை. விரலுக்குத் தெரிந்ததை ஒருநாளும் ஒருவருக்கும் எடுத்துச் சொன்னதில்லையே! “பழகினா தெரியும்மா” என்றேன். அவள் நோட்டை மூடிவிட்டாள். அப்புறம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. வீட்டில் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த பேட்ச்சுக்கு மறுபடி கேட்டிருக்கிறார்கள். அந்தப் பையனையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டி வரலாமா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். அவன் விளக்கட்டும், நான் தோலைப் பிடித்துக்கொள்கிறேன். அவனிடம்தான் இன்னும் கேட்கவில்லை.